இரண்டு நிமிடமுள் கொண்ட கடிகாரம்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள பிரிஸ்டல் நகரில், பழைய தானிய வணிக மாளிகையின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை முதன்முதலாக அண்ணாந்து பார்ப்பவர், பொறியில் ஏதோ கோளாறு என்றே எண்ணுவார். மணிமுள் ஒன்றுதான், ஆனால் நிமிடமுள் இரண்டு. ஒன்றின் பின்னே மற்றொன்று பத்து நிமிட இடைவெளியில் வந்துகொண்டே இருக்கிறது; எட்டிப் பிடிப்பதும் இல்லை, பின்தங்கிப் போவதும் இல்லை. முன்னே செல்லும் முள் இலண்டன் நேரத்தைக் காட்டுகிறது. பின்னே வருவது பிரிஸ்டலின் சொந்த நேரம்.

சொந்த நேரம் என்று ஓர் ஊருக்கு இருந்ததா என்று இன்றைய மாணவர் வியக்கக் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்தின் ஒவ்வோர் ஊருக்கும் அது இருந்தது. ஒரே முடியாட்சியின் கீழ், ஒரே நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு உட்பட்டு, ஒரே நாணயத்தைப் புழங்கி வந்த மக்கள், மணி என்ன என்ற கேள்விக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு விடை சொல்லி வந்தனர். அவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

ஐந்தாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கக் கூடிய கணக்குத்தான் இது. பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றி வர 24 மணி நேரம் ஆகிறது. ஒரு சுற்று 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவனுக்குச் சூரியன் முந்தி உச்சிக்கு வருகிறது. மேற்கே இருப்பவனுக்குப் பிந்தி வருகிறது. இலண்டனை ஒட்டிய கிரீனிச்சில் நண்பகல் 12 மணி அடிக்கும்போது ஆக்ஸ்போர்டில் 12 அடிக்க இன்னும் 5 நிமிடம் இருக்கும். பிரிஸ்டலில் 10 நிமிடம், எக்சிட்டரில் 14 நிமிடம், தென்மேற்கு மூலையில் உள்ள பென்சான்சில் 22 நிமிடம் இருக்கும். கிழக்குக் கரையில் உள்ள யார்மவுத்திலோ 12 மணி அடித்து 7 நிமிடம் ஆகிவிட்டிருக்கும். ஆக, இங்கிலாந்தின் கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் இடையே ஏறத்தாழ அரைமணி நேர வேறுபாடு. சூரியனின் போக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராமையால், நிழலைக் கொண்டு பார்க்கும் நேரத்தை விடுத்து, ஆண்டுச் சராசரியாகக் கணக்கிட்ட நேரத்துக்கே கடிகாரங்களை வைக்கும் வழக்கம் காலப்போக்கில் பரவியது. அப்படி வைத்த பின்னும் அது அந்தந்த ஊரின் சராசரிதான்.

இதனால் யாருக்கும் இடையூறு இருக்கவில்லை. நடந்தும் குதிரையேறியும் பயணம் செய்தவன் ஒரு நாளில் கடக்கும் தொலைவில் ஏற்படும் சில நிமிட வேறுபாட்டை உணர்ந்ததே இல்லை. ஊர்க் கடிகாரங்களே நாளொன்றுக்கு அதைவிடக் கூடுதலாகத் தவறிக்கொண்டிருந்தன. முதலில் இதை உணர்ந்தவர்கள் அஞ்சல்துறையினர் எனலாம். 1784-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிரிஸ்டலிலிருந்து மாலை 4 மணிக்குப் புறப்பட்ட முதல் விரைவு அஞ்சல் குதிரைவண்டி, மறுநாள் காலை 8 மணிக்கு இலண்டனை அடைந்தது. அன்று தொடங்கிய அச்சேவை நாடெங்கும் பரவியபோது, ஒவ்வொரு வண்டியின் காவலரிடமும் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தனுப்பினார்கள். கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டியின் கடிகாரம் சற்று விரைந்தும், மேற்கு நோக்கிச் செல்வது சற்று மெதுவாகவும் ஓடும்படி திருத்தப்பட்டிருந்தது. ஊருக்கு ஊர் மாறும் நேரத்துக்குத் தக்கவாறு கடிகாரமே வழியெல்லாம் தன்னை மாற்றிக்கொண்டு வந்தது. ஊர்களின் நேரத்துக்கு அரசாங்கத்தின் வண்டி பணிந்து நடந்த காலம் அது.

புகைவண்டி அவ்வாறு பணியவில்லை.

1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பாதைகள் நீண்டன. கால அட்டவணை என்ற புதுப்பொருள் பிறந்தது. 1839-இல் பிராட்ஷா வெளியிட்ட புகைவண்டி வழிகாட்டி வீடுதோறும் இடம்பிடிக்கத் தொடங்கியது. இலண்டனில் 10 மணிக்குப் புறப்பட்டுப் பிரிஸ்டலுக்கு 2 மணிக்குச் சேரும் வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது? நான்கு என்று சொன்னால் தவறு; பிரிஸ்டல் மணிப்படி 2 என்றால், அது ஓடியது நான்கு மணியும் பத்து நிமிடமும். திரும்பி வரும்போது கணக்கு மறுபடி மாறும். அட்டவணை எழுதுவோருக்கு இது தலைவலி. வண்டியை ஓட்டுவோருக்கோ உயிர்ப் பிரச்சினை. ஒரு வண்டி சென்று இத்தனை நிமிடம் கழிந்த பிறகே அடுத்த வண்டியை விடுவது என்ற கால இடைவெளிதான் அக்காலத்தில் பெரும்பாலான பாதைகளில் காவலாக இருந்தது. நிலையத்துக்கு நிலையம் கடிகாரம் வேறுபட்டால் அந்தக் காவல் என்ன ஆவது?

இலண்டனிலிருந்து மேற்கே பிரிஸ்டலுக்குப் பாதை அமைத்துக்கொண்டிருந்த கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம், 1840 நவம்பரில் ஒரு முடிவுக்கு வந்தது. தன் நிலையங்கள் அனைத்திலும், தன் அட்டவணைகள் அனைத்திலும் இனி இலண்டன் நேரமே வழங்கும் என்பது அம்முடிவு. மன்றத்தில் விவாதம் இல்லை. ஊர் மக்களைக் கேட்கவும் இல்லை. பங்குதாரர்களின் நிறுவனம் ஒன்று தன் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இவ்வழியில் நடந்தன. 1847 செப்டம்பர் 22-ஆம் நாள், இருப்புப்பாதை நிறுவனங்களுக்கிடையே கணக்குத் தீர்க்கும் பொது அமைப்பு, எல்லா நிறுவனங்களும் கிரீனிச் நேரத்தை மேற்கொள்ளுமாறு பரிந்துரை செய்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளே பெரிய நிறுவனங்கள் சில அதற்கு மாறின. இங்கிலாந்தில் ஒருநேரம் பிறந்த கதை இதுதான். பள்ளிப் பாடநூல்கள் சில, அரசு சட்டமியற்றி நாட்டின் நேரத்தை ஒன்றாக்கியது என்பது போல எழுதிவிடுகின்றன. சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது வர 1880 ஆயிற்று. அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளை விட்டுவிட்டால் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதியே போய்விடும்.

அந்த நாற்பது ஆண்டுகளில் ஊர்கள் பல இரண்டு நேரங்களோடு வாழ்ந்தன. கோயில் மணிக்கூண்டில் ஒரு நேரம், புகைவண்டி நிலையத்தில் மற்றொரு நேரம். பிரிஸ்டலில் 12 மணி வண்டியைப் பிடிக்க வேண்டியவர், ஊர்க் கடிகாரம் 11.50 காட்டும்போதே நிலையத்தில் இருக்க வேண்டும். வழக்கமாகப் பயணம் செய்பவர் இதைப் பழகிக்கொள்வார். ஆண்டுக்கு ஒருமுறை மகளைப் பார்க்கப் புறப்படும் கிராமத்து முதியவர் என்ன செய்வார்? தானிய வணிக மாளிகைக் கடிகாரம் இரண்டு நிமிடமுள்ளோடு நின்றது இத்தகையோருக்காகத்தான். ஆக்ஸ்போர்டிலும் கிறிஸ்து ஆலயக் கல்லூரியின் டாம் கோபுரக் கடிகாரம் சில காலம் இவ்வாறே இரண்டு நிமிடமுள்ளோடு இருந்தது.

எக்சிட்டர் நகரின் செய்தி சற்று விரிவாகக் கருதத்தக்கது. அங்கே 1844-இல் புகைவண்டி வந்துவிட்டது. நிலையத்தில் இலண்டன் நேரம். ஆனால் நகரின் நேரத்தைச் சொல்லும் பேராலயக் கடிகாரம் ஆலயத் தலைமைக் குருவின் பொறுப்பில் இருந்தது. நகரத்தார் பலர் வேண்டியும் அதை 14 நிமிடம் முன்னே தள்ள அவர் உடன்படவில்லை. எட்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1852-இல் மின்தந்திக் கம்பி வந்து சேர்ந்து, கிரீனிச் நேரம் நாள்தோறும் அடையாள ஒலியாகவே வரத் தொடங்கிய பின்னர்தான், அவ்வாண்டு நவம்பரில் பேராலயக் கடிகாரமும் மாறியது. பிரிஸ்டல் நகராட்சி அதற்கு இரண்டு மாதம் முன்பே, செப்டம்பரில், மாறியிருந்தது.

இப்படி எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று எள்ளி ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பகல் என்பது சூரியன் தலைக்குமேல் வரும் நேரம். அது இறைவன் வகுத்தது, இலண்டன் நிறுவனம் ஒன்று அதை மாற்ற முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். இறைவனை விட்டுவிட்டுக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். ஆயிரம் ஆண்டுப் பழமை உடைய ஒரு நகரம், தன் வானத்தில் தான் காணும் நண்பகலை விட்டு, 170 மைல் தொலைவில் உள்ள மற்றொரு நகரத்தின் நண்பகலைத் தனதாகக் கொள்ள வேண்டும் என்றால், ஏன் என்று ஒரு முறையேனும் கேட்கத்தானே செய்யும்?

விடையைக் கொண்டுவந்தது தந்தி. கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் தலைவராக 1835 முதல் 1881 வரை இருந்தவர் ஜார்ஜ் ஏரி. 1852-இல் அவர் அங்கே மின்சாரத்தால் இயங்கும் தலைமைக் கடிகாரம் ஒன்றை நிறுவி, அதன் துடிப்பைத் தந்திக் கம்பிகளின் வழியே புகைவண்டி நிலையங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அதுவரை நேரம் என்பது கையில் சுமந்து செல்ல வேண்டிய பொருளாகவே இருந்தது. அப்படிச் சுமந்தவர்களுள் ஒரு குடும்பத்தை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில் 1836-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். கூடத்துக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு இலண்டன் தெருக்களில் சென்று, கடிகாரக் கடைக்காரர்களுக்கும் பிறருக்கும் சந்தா முறையில் சரியான நேரத்தைக் காட்டி வந்தார். ஜான் ஆர்னால்டு என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் செய்த அக்கடிகாரத்தைக் குடும்பத்தார் 'ஆர்னால்டு' என்று பெயர் சொல்லியே அழைத்தனர். 1856-இல் அவர் மறைந்ததும் அவர் மனைவி மரியா 1892 வரை அதே கடிகாரத்தோடு சுற்றினார். பின்னர் மகள் ரூத் அதை ஏற்றார். தந்தி வந்தது, தொலைபேசி வந்தது, 1924-இல் வானொலியும் கிரீனிச் மணியை ஒலிபரப்பத் தொடங்கியது. அம்மையார் தம் 'ஆர்னால்டை' எடுத்துக்கொண்டு 1940 வரை நேரம் விற்று வந்தார். அப்போது அவருக்கு வயது 86.

நூற்றுக்கு 98 பொதுக் கடிகாரங்கள் 1855-ஆம் ஆண்டளவில் கிரீனிச் நேரத்துக்கு மாறிவிட்டன என்பது கணிப்பு. ஆயினும் சட்டப்படி நேரம் எது என்பதை யாரும் தீர்த்து வைக்கவில்லை. அது தானாகவே நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

1858-இல் டார்செஸ்டர் நகரில் ஒரு வழக்கு. காலை 10 மணிக்கு விசாரணை என்று குறிக்கப்பட்டிருந்தது. நீதிமன்றக் கடிகாரம் கிரீனிச் நேரத்தைக் காட்டியது. அதன்படி 10 மணி ஆனதும் நீதிபதி இருக்கையில் அமர்ந்தார். எதிர்த்தரப்பில் எவரும் இல்லாமையால் வழக்குத் தொடுத்தவருக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொன்னார். சிறிது நேரத்தில் எதிர்த்தரப்பினர் வந்து சேர்ந்தனர். ஊர்க் கடிகாரத்தின்படி அப்போதுதான் மணி 10. நாங்கள் தாமதமாக வரவில்லை, எங்கள் வழக்கைக் கேளுங்கள் என்றனர். டார்செஸ்டரின் உள்ளூர் நேரம் கிரீனிச் நேரத்துக்குப் பத்து நிமிடம் அளவில் பின்தங்கியது. நீதிபதி இணங்கவில்லை. ஒரு மனிதனின் உரிமை அந்தச் சில நிமிடங்களில் போய்விட்டது.

அவர்கள் மேல்முறையீடு செய்தனர். இலண்டனில் மேல்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு யாரும் எதிர்பாராதது என்றே சொல்ல வேண்டும். நாடு முழுவதும் கிரீனிச் நேரத்துக்கு மாறிக்கொண்டிருந்த வேளையில், 10 மணி என்றால் அந்த இடத்தின் நேரப்படி 10 மணி என்றே பொருள். புகைவண்டிக்காரர்களின் வசதி சட்டம் ஆகாது. வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று நீதிபதிகள் தீர்த்தனர். அதன்பின் 22 ஆண்டுகள் இங்கிலாந்தின் நிலை விந்தையானது. மக்கள் எல்லாரும் கிரீனிச் நேரத்தில் வாழ்ந்தார்கள்; சட்டம் மட்டும் உள்ளூர் நேரத்தில் வாழ்ந்தது.

இதன் விளைவு 1880-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தெரிந்தது. வாக்களிப்பு காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை. எந்த 8 மணி? எந்த 4 மணி? நீதிமன்ற எழுத்தர் ஒருவர் அவ்வாண்டு மே மாதம் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், தம் பகுதி வாக்குச்சாவடிகளைக் கிரீனிச் நேரப்படி 8.13-க்குத் திறந்து 4.13-க்கு மூட வேண்டியிருந்த நிலையை எடுத்துக்காட்டினார். மற்றோர் ஊரில் அதிகாரி கிரீனிச் நேரப்படியே கதவை மூடியிருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் வந்த வாக்காளன் உரிமை இழந்தவன் ஆவான். தேர்தலே செல்லுமா என்ற கேள்வியும் எழும். அதற்குப் பின் நாடாளுமன்றம் நெடுநாள் தாமதிக்கவில்லை. 1880 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலவரையறைச் சட்டம் நிறைவேறியது. சட்டங்களிலும் ஆவணங்களிலும் நேரம் குறிக்கப்படும் இடமெல்லாம், வேறு விதமாகச் சொல்லப்பட்டாலன்றி, கிரீனிச் சராசரி நேரமே கொள்ளப்படும் என்று அது வகுத்தது. மான் தீவு 1883-இலும் ஜெர்சித் தீவு 1898-இலும் குவெர்ன்சித் தீவு 1913-இலும் பின்தொடர்ந்தன.

சூரியன் மட்டும் அச்சட்டத்துக்கு உட்படவில்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குமேல் விளக்கில்லாமல் மிதிவண்டி ஓட்டினார் என்று பிரிஸ்டல் பகுதியில் ஒருவர் மீது வழக்கு. கிரீனிச்சில் சூரியன் மறைந்த நேரத்தை வைத்துக் குற்றம் சாட்டினார்கள். ஆனால் பிரிஸ்டலில் சூரியன் மறைவது பத்து நிமிடம் பின்னர் அன்றோ? 1899-இல் மேல்நீதிமன்றம் மிதிவண்டிக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. சூரிய மறைவு என்பது கடிகாரத்தில் குறிக்கும் மணி அன்று. அந்தந்த ஊரில் கண்ணால் காணும் நிகழ்ச்சி என்பது நீதிபதிகளின் கருத்து.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நிறுத்தி வைத்திருந்தோம். 1880-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதையும் ஒரே நேரத்தின் கீழ்க் கொண்டுவரவில்லை. அக்காலத்தில் அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு ஒரே அரசாக இணைக்கப்பட்டிருந்தது. சட்டமோ, பெரிய பிரிட்டனுக்குக் கிரீனிச் நேரம் என்றும், அயர்லாந்துக்கு டப்ளின் சராசரி நேரம் என்றும் இரண்டாக வகுத்தது. டப்ளின் நகருக்கு அருகில் உள்ள டன்சிங்க் வானாய்வுக் கூடத்தின் நேரம் அது. கிரீனிச்சுக்கு 25 நிமிடம் 21 விநாடி பின்தங்கியது. நம் முன்னோர் வழங்கிய நாழிகை 24 நிமிடம். ஆகவே ஐரிஷ் கடலுக்கு இருபுறமும் ஒரு நாழிகைக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு என்று கொள்ளலாம். ஊர்களுக்கிடையே மறைந்துபோன எல்லை, ஒரே அரசின் இரு தீவுகளுக்கிடையே சட்டத்தாலேயே நிலைநிறுத்தப்பட்டது.

டப்ளின் துறைமுக அலுவலகம் ஒன்று இவ்விரட்டை வாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கடிகாரம் டன்சிங்க் நேரத்தை நகர மக்களுக்குக் காட்டியது. அதே கட்டடத்தின் மேலே இருந்த நேரப் பந்து, கப்பல் மாலுமிகளுக்காகக் கிரீனிச் நேரப்படி விழுந்தது. மேலும் ஒரு வழக்கம். இலண்டனில் நாள்தோறும் காலையில் கடற்படைத் தலைமையகத்தின் ஊழியர் ஒருவர் சரியான நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றை யூஸ்டன் நிலையத்துக்குக் கொண்டு வந்து, அயர்லாந்துக்குச் செல்லும் அஞ்சல் வண்டியின் காவலரிடம் ஒப்படைப்பார். அது ஹோலிஹெட் துறைமுகம் சென்று, கப்பலேறி, டப்ளின் வரை போகும்; திரும்பும் வண்டியில் இலண்டனுக்கு வரும். தந்தியும் வானொலியும் வந்த பின்னரும் இவ்வழக்கம் 1939 வரை நின்றபாடில்லை. அலுவலகச் சடங்குகளின் ஆயுளைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தில் நாட்டு மானம் கலந்திருப்பது அயர்லாந்தில் மட்டும் காணப்பட்டதன்று. 1884-இல் வாசிங்டன் நகரில் 25 நாடுகள் கூடிக் கிரீனிச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்க வாக்களித்தபோது, பிரான்சு வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. பாரிஸ் நேரத்தையே தன் நாட்டு நேரமாக 1891-இல் சட்டமாக்கியது. இறுதியில் 1911-இல் உலகோடு ஒத்துப்போக வேண்டி வந்தபோது பிரெஞ்சுச் சட்டம் எழுதப்பட்ட முறை நயமானது. 'பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்த நேரம்' என்று அது சொல்லிற்று. கணக்குப் போட்டால் கிரீனிச் நேரம்தான். கிரீனிச் என்ற பெயர் மட்டும் சட்டத்தில் இல்லை. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்பார் உண்டு. ஒரு நாடு தன் மானத்தையும் காத்துக்கொண்டு உலகின் வசதிக்கும் இடம் கொடுக்க இதைவிடச் செலவு குறைந்த வழி வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

அயர்லாந்துக்கு அத்தகைய வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1916 ஏப்ரல் 24-ஆம் நாள், ஈஸ்டர் திங்களன்று, டப்ளினில் விடுதலை எழுச்சி வெடித்தது. ஒரு வாரத்தில் அது அடக்கப்பட்டது. மே மாதத்தில் அதன் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மே மாதம் 21-ஆம் நாள், போர்க்காலத்தில் விளக்கெரிக்கும் செலவைக் குறைக்கக் கோடைகால நேரம் என்ற புதிய ஏற்பாடு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடைமுறைக்கு வந்து, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அக்டோபரில் அவற்றைப் பின்னே தள்ள வேண்டும். எப்படியும் முள்ளைத் திருப்பப் போகிறோம். அப்போதே அயர்லாந்தின் 25 நிமிடத்தையும் தீர்த்துவிடலாமே என்று அரசு எண்ணியது. கப்பல் வணிகத்துக்கும் தந்திப் போக்குவரத்துக்கும் எளிது என்பது ஆதரித்தோர் வாதம். ஏற்கெனவே பிந்தி விடியும் அயர்லாந்தில் காலை இருட்டு இன்னும் நீளும் என்பதும், எங்கள் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்பதும் எதிர்த்தோர் குரல். ஆகஸ்டு மாதம் சட்டம் நிறைவேறியது.

1916 அக்டோபர் முதல் நாள் விடியற்காலையில் இலண்டனில் கடிகாரங்கள் 60 நிமிடம் பின்னே திருப்பப்பட்டன. டப்ளினில் திருப்பியது 34 நிமிடம் 39 விநாடி மட்டுமே. எஞ்சிய 25 நிமிடம் 21 விநாடி திருப்பித் தரப்படவில்லை. டப்ளின் நேரம் என்ற ஒன்று அத்துடன் மறைந்தது. எழுச்சி அடக்கப்பட்ட சில மாதங்களில் நிகழ்ந்தமையால், வெறும் நிருவாக வசதி என்று அதை ஏற்க அயர்லாந்து மக்கள் பலரால் இயலவில்லை. பிரிஸ்டலின் பத்து நிமிடத்துக்கும் டப்ளினின் 25 நிமிடத்துக்கும் வானியலில் வேறுபாடு இல்லை; வரலாற்றில் உண்டு. பிரிஸ்டல் இலண்டனின் நேரத்தை ஏற்றபோது இழந்தது ஒரு பழக்கத்தை. டப்ளினுக்கு அப்படி இருக்கவில்லை.

இருந்தாலும் நடுவுநிலையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரின் நேரம் கிரீனிச்சுக்கு 36 நிமிடம் பின்தங்கியது; டப்ளினுக்கு 11 நிமிடம் பின்தங்கியது. 1880-இல் டப்ளின் நேரம் அயர்லாந்து முழுவதற்கும் சட்டமானபோது கால்வே மீனவனின் நண்பகலை யாரும் கேட்கவில்லை. பிரிஸ்டலுக்கு இலண்டன் எப்படியோ, கால்வேக்கு டப்ளின் அப்படி. டப்ளின் நேரத்துக்காக வருந்தியவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மலேசிய மாணவர்களுக்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1905 முதல் மலாயாவின் நேரத்தைக் கிரீனிச்சிலிருந்து எண்ணி வகுத்தது பிரிட்டிஷ் ஆட்சிதான். விடுதலைக்குப் பின்னரும் தீபகற்பத்துக்கு ஒரு நேரமும் சபா, சரவாக்குக்கு அரைமணி முந்திய நேரமுமாக ஒரே நாட்டில் இரு நேரங்கள் வழங்கின. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிக் கிழக்கோடு ஒன்றானது. சிங்கப்பூரும் உடன் மாறியது. அதன் விளைவாகக் கோலாலம்பூரில் இன்று நண்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கே உச்சிக்கு வருகிறது. பள்ளித் திடலில் ஒரு கம்பை நட்டு நிழல் மிகக் குறுகும் நேரத்தை மாணவர்களைக் கொண்டு குறிக்கச் செய்தால், ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்திய எக்சிட்டர் பேராலயக் குரு எதற்காக முரண்டு பிடித்தார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆக்ஸ்போர்டுக் கிறிஸ்து ஆலயத்தில் அந்தப் பழைய முரண்டு இன்னும் சிறிது மிச்சம் இருக்கிறது. டாம் கோபுரத்துப் பெருமணி ஒவ்வோர் இரவும் 101 முறை ஒலிக்கிறது. ஒலிக்கத் தொடங்குவது 9 மணிக்கு அன்று; 9 மணி 5 நிமிடத்துக்கு. ஆக்ஸ்போர்டின் சொந்த நேரப்படி அதுவே 9 மணி. பேராலய வழிபாடுகளும் குறித்த மணிக்கு ஐந்து நிமிடம் கழித்தே தொடங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

அயர்லாந்தோ 1922-இல் தனி அரசானது. டப்ளின் நேரத்தை மீட்டுக்கொள்ள அதற்கு இப்போது தடை இல்லை. ஆனால் அது மீட்கவில்லை. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட்ட பிறகு, தீவுக்குள்ளேயே 25 நிமிட வேலி ஒன்றை எழுப்ப யார்தான் விரும்புவர்? 1968-இல் அந்நாடு, கிரீனிச்சுக்கு ஒரு மணி நேரம் முந்திய நேரமே ஆண்டு முழுவதும் தன் நாட்டின் இயல்பான நேரம் என்று சட்டமியற்றியது. பிரிட்டனும் அதே ஆண்டு அதே முயற்சியைத் தொடங்கி, 1971-இல் கைவிட்டது. அயர்லாந்தும் அவ்வாண்டு சட்டத்தைத் திருத்தியது. ஆனால் இயல்பான நேரத்தை மாற்றவில்லை. குளிர்காலத்தில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. ஆதலால் டிசம்பர் மாதத்துக் காலைப்பொழுதில் இலண்டனிலும் டப்ளினிலும் கடிகாரங்கள் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. இலண்டனில் அது நாட்டின் இயல்பான நேரம். டப்ளின் சட்டப் புத்தகத்தில், அது இயல்பான நேரத்திலிருந்து ஒரு மணி குறைத்த நேரம்.